கணக்குக்குப் பாரபட்சம் தெரியாது: ஆண்டி குரோவின் கதை

கையில் கால்குலேட்டர் இருந்தால் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு போட்டுப் பாருங்கள். 4195835-ஐ 3145727-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.33382 என்று தொடங்கும். 1994-ல் பென்டியம் சிப் வைத்த கம்ப்யூட்டர்களில் இதே கணக்கைப் போட்டவர்களுக்கு 1.33373 என்று வந்தது. நான்காவது தசம இடத்திலேயே தப்பு!

அந்தச் சிப்பைத் தயாரித்த இன்டெல் நிறுவனத்துக்கு அப்போது தலைமைச் செயல் அதிகாரி ஆண்டி குரோவ். இந்தத் தப்புக் கணக்குக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் வேதியியலையும் கணக்கையும் தேடி அவர் ஏன் வந்தார் என்று தெரிந்துகொண்டால்தான் அந்தப் பதில் புரியும். அதற்கு ஹங்கேரிக்குப் போக வேண்டும்.

புடாபெஸ்ட் நகரில் 1936 செப்டம்பர் 2-ம் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தான் ஆந்த்ராஷ் குரோஃப். அப்பா ஒரு பால் பண்ணைத் தொழிலில் பங்குதாரர். ஓரளவு வசதியான வீடு. நான்கு வயதில் ஸ்கார்லெட் ஜுரம் வந்தது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் ஜுரம் போகும்போது காதையும் பாதி கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசிரியரின் உதட்டைப் பார்த்துப் பாடம் புரிந்துகொள்வதே அவனுக்குப் பழக்கமானது.

1942-ல் அப்பாவைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்து ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1944 மார்ச்சில் ஜெர்மானியப் படைகள் ஹங்கேரிக்குள் நுழைந்தன. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து ஜூலைக்குள் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரி யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். அம்மா மாரியா மகனைக் கூட்டிக்கொண்டு தலைமறைவானார். பொய்யான அடையாளச் சீட்டு, பொய்யான பெயர். எட்டு வயதுப் பையன் தன் சொந்தப் பெயரை மறந்துவிட்டு, யார் கேட்டாலும் 'மாலெஷெவிச்' என்று சொல்லக் கற்றுக்கொண்டான். வாய் தவறி உண்மையான பெயரைச் சொன்னால் உயிர் போய்விடும்.

அம்மாவும் பிள்ளையும் பிழைத்தார்கள். 1945-ல் அப்பாவும் திரும்பி வந்தார், எலும்பும் தோலுமாக. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த நேரத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. அப்பாவின் தொழிலை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

இந்தக் காலத்தில் பதின்வயதுப் பையனான ஆந்த்ராஷுக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. இன்ஜினியர் ஆவது அல்ல, பத்திரிகையாளர் ஆவது! இளைஞர்களுக்கான ஒரு பத்திரிகையில் அவன் எழுதியவை அச்சாகவும் செய்தன. தன் பெயரை அச்சில் பார்ப்பதில் எந்தப் பையனுக்குத்தான் சந்தோஷம் இருக்காது? அப்போதுதான் உறவினர் ஒருவரை விசாரணை எதுவும் இல்லாமல் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஆந்த்ராஷ் அனுப்பிய கட்டுரைகள் வெளிவரவில்லை. எழுத்தில் எந்த மாற்றமும் இல்லை, எழுதுகிறவன் யாருடைய உறவினன் என்பதுதான் மாறியிருந்தது.

அந்தச் சம்பவம் அவனை வேறு பக்கம் திருப்பியது. யாரோ ஒருவரின் விருப்பு வெறுப்பும் அரசியலும் தன் வேலையின் தரத்தைத் தீர்மானிக்கிற தொழில் தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தான். எழுத்தை விட்டு அறிவியல் பக்கம் ஓடிவந்ததாகப் பிற்காலத்தில் குரோவே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். சோதனைக் குழாயில் ஒரு திரவத்தை ஊற்றினால் அது சிவப்பாக மாறும் அல்லது மாறாது. ஊற்றியவன் யூதனா, முதலாளி மகனா, கைதியின் சொந்தக்காரனா என்று அது கேட்காது. நாம் மார்க் வரும், வேலை கிடைக்கும் என்று சொல்லி அறிவியல் பிரிவு எடுக்கிறோம். அவன் நியாயம் கிடைக்கும் என்று எடுத்தான்.

பள்ளியில் அவனுடைய இயற்பியல் ஆசிரியர் ஒருமுறை பெற்றோர்களிடம், வாழ்க்கை ஒரு பெரிய ஏரி மாதிரி, எல்லாப் பிள்ளைகளும் அதில் குதிப்பார்கள், எல்லோரும் அக்கரை சேரமாட்டார்கள், ஆனால் குரோஃப் சேர்ந்துவிடுவான் என்று சொன்னாராம். குரோவ் 2001-ல் எழுதிய தன் இளமைக்கால நினைவுகளுக்கு 'ஸ்விம்மிங் அக்ராஸ்' என்று பெயர் வைத்ததன் காரணம் இதுதான்.

*

1956 அக்டோபர் 23-ம் தேதி புடாபெஸ்டில் மாணவர்கள் தொடங்கிய ஊர்வலம் புரட்சியாக வெடித்தது. ஆந்த்ராஷ் அப்போது 20 வயது வேதியியல் மாணவன். ஊர்வலத்தில் அவனும் நடந்தான். நவம்பர் 4-ம் தேதி சோவியத் டாங்கிகள் நகரத்துக்குள் வந்தன. சில நாட்களில் எல்லாம் முடிந்துபோனது. இளைஞர்களைத் தெருவில் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. அந்தச் சில மாதங்களில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் ஹங்கேரியை விட்டு வெளியேறினார்கள். ஆந்த்ராஷும் கிளம்பினான். ரயிலில் எல்லைப் பக்கம் வரை போய், இருட்டில் சேற்று வயல்களுக்குள் நடந்து ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தான். அப்பா அம்மா ஊரிலேயே இருந்தார்கள். ஒரே பிள்ளை.

வியன்னாவில் அகதிகளுக்கு உதவும் இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ கமிட்டி ஆட்களைத் தேர்வு செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நேர்காணலில், ரஷ்யர்களை எதிர்த்துச் சண்டை போட்டாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சரிபார்க்க யாரும் இல்லை. ஆனால் ஊர்வலத்தில் போனதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்று உள்ளதைச் சொன்னான். பெயரை நிராகரித்துவிட்டார்கள்! மறுபடியும் போய், தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் வாதாடினான். இந்த முறை சரி என்றார்கள். உயிர் பிழைக்கப் பொய்ப் பெயரைச் சுமந்த அதே பையன், தப்பிப்பதற்கு வசதியான ஒரு பொய்யைச் சொல்ல மறுத்திருக்கிறான்.

'ஜெனரல் டபிள்யூ. ஜி. ஹான்' என்ற பழைய படைக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து 1957 ஜனவரி 7-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளின் துறைமுகத்தில் இறங்கினான். பிராங்க்ஸ் பகுதியில் இருந்த மாமா வீட்டில் தங்க இடம் கிடைத்தது. படிக்க வேண்டும், ஆனால் கையில் காசில்லை. அங்கேதான் சிட்டி காலேஜ் ஆஃப் நியூயார்க் வருகிறது. நகர அரசு நடத்திய அந்தக் கல்லூரியில் அப்போது கல்விக் கட்டணம் கிடையாது. தொழிலாளிகள், குடியேறி வந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படித்த இடம். நேற்று வந்த அகதிக்கும் அது கதவைத் திறந்தது.

அமெரிக்கர்களின் வாயில் 'குரோஃப்' என்ற பெயர் படாத பாடு பட்டது. அதே ஓசைக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி 'குரோவ்' என்று மாற்றிக்கொண்டார். ஆந்த்ராஷ் ஆண்ட்ரூ ஆனார். பிறகு எல்லோருக்கும் ஆண்டி. முன்பு பயந்து ஒரு பெயரை மாற்றினார், இந்த முறை மாற்றியது அவருடைய இஷ்டம்.

வேதிப் பொறியியல் எடுத்தார். மொழியும் புதிது, காதும் சரியாகக் கேட்காது. பழையபடி முதல் பெஞ்ச், பழையபடி உதட்டைப் பார்த்தல். கேட்டுத் தவறவிட்டதை இரவில் புத்தகத்திலிருந்து பிடித்தார். 1957 கோடையில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விடுதியில் மேஜை துடைத்துத் தட்டெடுக்கும் வேலைக்குப் போனார். அங்கே பரிமாறும் வேலையில் இருந்தவர் ஈவா. அவரும் வியன்னாவில் பிறந்து பொலிவியா வழியாக அமெரிக்கா வந்த அகதி. அடுத்த ஆண்டே கல்யாணம். 1960-ல் குரோவ் தன் பொறியியல் வகுப்பில் முதல் மாணவராகப் பட்டம் வாங்கினார். கப்பலிலிருந்து இறங்கி மூன்றரை ஆண்டுகள்கூட ஆகவில்லை!

*

கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1963-ல் முனைவர் பட்டம். உடனே ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. சிப் தயாரிப்பு அப்போது தவழும் குழந்தை. குரோவைப் பெரிய நிறுவனத்தின் முதலாளியாக மட்டும் தெரிந்தவர்கள் பலருக்கு அவர் எவ்வளவு நல்ல இன்ஜினியர் என்பது தெரியாது. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

சிலிக்கான் தகட்டைச் சூளையில் வைத்து, ஆயிரம் டிகிரி அளவு சூட்டில் ஆக்சிஜனைச் செலுத்தினால் அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் வளரும். சிப்புக்குள் மின்சாரம் போகக்கூடாத இடத்தில் போகாமல் தடுப்பது இந்தப் படலம்தான். எவ்வளவு நேரம் வைத்தால் எவ்வளவு தடிமன் வரும்? குரோவும் உடன் வேலை செய்த புரூஸ் டீலும் 1965-ல் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். விஷயம் எளிமையானது. ஆரம்பத்தில் படலம் நேரத்துக்கு ஏற்ப ஒரே சீராக வளர்கிறது. வளர வளர, புதிதாக வருகிற ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கும் படலத்தை ஊடுருவிப் போய்த்தான் அடியில் இருக்கும் சிலிக்கானைத் தொட முடியும். அதனால் வேகம் குறைகிறது. அந்தக் கட்டத்தில் இரண்டு மடங்கு தடிமன் வேண்டுமென்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். டீல்-குரோவ் மாதிரி என்ற பெயரில் செமிகண்டக்டர் படிக்கும் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. மாஸ் வகை டிரான்சிஸ்டர்கள் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் நடந்துகொண்டன. நம்பிச் செய்ய முடியவில்லை. எட் ஸ்னோ, டீல், குரோவ் ஆகியோர் சேர்ந்த குழு தேடிப் பார்த்ததில் குற்றவாளி சோடியம் என்று தெரிந்தது. நம் சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே சோடியம்! கண்ணுக்குத் தெரியாத அளவு சோடியம் ஆக்சைடு படலத்துக்குள் புகுந்து, மின்னழுத்தம் கொடுக்கும்போது அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. காரணம் தெரிந்தபின் சுத்தத்தைக் கூட்டினார்கள், டிரான்சிஸ்டர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டால் அதற்கு ஒரு நேர்மையான பதில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பையனாக இருந்தபோது அவர் அறிவியலுக்கு வந்தார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

1968-ல் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் ஃபேர்சைல்டை விட்டு வெளியேறி இன்டெல்லைத் தொடங்கியபோது குரோவும் முதல் நாட்களிலேயே கூடப் போனார். அவருடன் சேர்ந்த ஆரம்பகால ஊழியர்களில் லெஸ்லி வாடாஸும் ஒருவர். அவரும் புடாபெஸ்ட்காரர், அவரும் 1956-ல் கிளம்பி வந்தவர். குரோவ் 1979-ல் இன்டெல்லின் பிரெசிடென்ட், 1987-ல் தலைமைச் செயல் அதிகாரி.

வேலை செய்ய இனிமையான மனிதர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கூட்டங்களில் சத்தம் போடுவார். காலையில் தாமதமாக வருகிறவர்கள் வாசலில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்தார். பல பேருக்கு அவரைக் கண்டால் பயம். ஆனால் ஒன்று, கையில் ஆதாரம் இருந்தால் நேற்றுச் சேர்ந்த பையனும் தலைவரை எதிர்த்துப் பேசலாம். அப்படிப் பேச வேண்டும் என்பதே அங்கே விதி. தலைவருக்கென்று தனி அறை கிடையாது, மற்றவர்களைப் போலவே தடுப்பு வைத்த ஒரு சிறிய இடம்தான். சொல்வது யார் என்று பார்க்காதே, சொன்னது சரியா என்று பார். பத்திரிகை அலுவலகத்தில் தனக்குக் கிடைக்காததைத் தன் கம்பெனியில் வைக்கப் பார்த்திருக்கிறார்.

அந்த விதி அவரையே சோதித்தது 1985-ல். இன்டெல் பெயர் வாங்கியது மெமரி சிப்களில். ஜப்பானிய நிறுவனங்கள் அதே சிப்களை இன்னும் நல்ல தரத்தில் மலிவாகக் கொடுக்க ஆரம்பித்தன. இன்டெல் பணத்தை இழந்துகொண்டே இருந்தது. ஆனாலும் மெமரியை விட யாருக்கும் மனசு வரவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி. ஒரு நாள் குரோவ் ஜன்னல் வழியே தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டே மூரிடம், நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் நாமே வெளியே போய், திரும்பி உள்ளே வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். செய்தார்கள். சில ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மைக்ரோபிராசசரில் மட்டும் கவனம் வைத்த இன்டெல், சில ஆண்டுகளில் உலகின் மிகப்பெரிய சிப் நிறுவனமானது. இருக்கும் வீட்டை விட்டு இருட்டில் நடக்கத் தெரிந்தவருக்குத்தான் இது முடியும் என்று தோன்றுகிறது.

*

இனி அந்த வகுத்தல் கணக்குக்கு வருவோம்.

1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பகா எண்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இருந்தபோது விடைகள் இடிப்பதைக் கவனித்தார். பல மாதம் சோதித்துப் பார்த்து, தப்பு தன்னிடம் இல்லை, சிப்பில்தான் என்று உறுதிசெய்தார். வகுத்தலுக்காகச் சிப்புக்குள் வைத்திருந்த ஓர் அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விட்டுப்போயிருந்தன. செய்தி இணையத்தில் பரவியது.

இன்டெல் ஓர் இன்ஜினியரைப் போலப் பதில் சொன்னது. இந்தத் தப்பு 900 கோடி வகுத்தலில் ஒருமுறைதான் வரும், சாதாரண உபயோகத்தில் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் சந்திப்பீர்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்றது. நுட்பமான கணக்குகள் போடுகிறவர்கள் என்று தெரிந்தால் மட்டும் சிப்பை மாற்றித் தருவதாகச் சொன்னது.

இங்கேதான் கதை சுருக்கென்று குத்துகிறது. சரியான விடை வேண்டுமென்றால் முதலில் நீ யார், என்ன வேலை செய்கிறாய் என்று சொல்! பல வருடங்களுக்கு முன் புடாபெஸ்டில் ஒரு பையனின் கட்டுரையை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானித்த அதே கேள்வி, இப்போது அந்தப் பையன் நடத்துகிற கம்பெனியிலிருந்து வந்தது. 900 கோடிக்கு ஒன்று என்ற எண்ணில் கணக்குப் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் கேட்டது, இதை நம்பலாமா என்பதைத்தான். அதற்கு அந்த எண் பதில் ஆகாது.

டிசம்பர் 12-ம் தேதி ஐபிஎம் நிறுவனம் பென்டியம் கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்தியது. 20-ம் தேதி குரோவ் இறங்கிவந்தார். யார் கேட்டாலும், எந்தக் கேள்வியும் இல்லாமல், புதுச் சிப் தரப்படும் என்று அறிவித்தார்கள். செலவு 47.5 கோடி டாலர். பிறகு 1996-ல் எழுதிய புத்தகத்தில், உலகம் மாறிவிட்டதைத் தான் கவனிக்கத் தாமதித்ததை அவரே விவரித்தார். தன் தப்பை ஆதாரத்தோடு எழுதி அச்சிலும் போட்டார். பதின்வயதில் விட்டுப்போன எழுத்து, இப்படித்தான் அவரிடம் திரும்பி வந்தது.

1995-ல் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் அதே குணம்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் படித்தார், வெவ்வேறு சிகிச்சைகளின் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார், அறுவைக்குப் பதில் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார். அந்த அனுபவத்தை 1996-ல் ஃபார்ச்சூன் பத்திரிகையில் எழுதினார். வெளியே சொல்லக் கூச்சப்பட்ட நோயைப் பற்றி, ஒரு பெரிய நிறுவனத்தின் தலைவர் எண்களோடு வெளிப்படையாக எழுதியதைப் பல நோயாளிகள் படித்தார்கள். 1997-ல் டைம் பத்திரிகை அவரை ஆண்டின் மனிதராகத் தேர்ந்தெடுத்தது. 2000-ல் பார்க்கின்சன் நோயும் வந்தது. காது மட்டும், பல அறுவைகளுக்குப் பிறகு, நன்றாகக் கேட்க ஆரம்பித்திருந்தது.

ஹங்கேரிக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. அப்பா அம்மாவைப் பிற்பாடு அமெரிக்காவுக்கே வரவழைத்துக்கொண்டார். கடன்களை மட்டும் மறக்கவில்லை. தன் இளமை நினைவுகள் புத்தகத்தில் வந்த பணத்தை, ஒருமுறை தன்னை நிராகரித்துப் பிறகு கப்பலேற்றிய அந்த அகதிகள் அமைப்புக்கே கொடுத்தார். 2005-ல், கட்டணம் வாங்காமல் படிக்க வைத்த சிட்டி காலேஜுக்கு 2.6 கோடி டாலர் கொடுத்தார். அங்குள்ள பொறியியல் பிரிவுக்கு இப்போது குரோவின் பெயர்.

2016 மார்ச் 21-ம் தேதி, 79-வது வயதில் இறந்தார். சிட்டி காலேஜில் பொறியியல் சேரும் மாணவர்களில் இன்றும் பலர் வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் யாராவது ஒருவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும், வாத்தியாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை போடுகிற கணக்கைத் திருத்துகிறவர் பெயரைப் பார்க்காமல் திருத்தினால் போதும். மிச்சத்தை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.